உங்கள் நான்கு குரல்களுக்காகக் காத்திருக்கும் வாசகம்

தமிழகத்துத் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



சென்ற மார்கழியில் உங்களைப் போன்ற ஒரு குழுவின் தலைவரிடம் ஒரு யோசனை சொன்னேன். கிறிஸ்துமஸ் வேலையெல்லாம் முடிந்து தை பிறந்ததும், இளையராஜாவின் திருவாசகத்திலிருந்து ஒரே ஒரு பாட்டை எடுத்துப் பயிற்சி செய்து பார்க்கலாமே என்றேன். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். கடைசியில், "நல்ல இசைதாம்மா. ஆனா அது நம்ம பாட்டு இல்லியே" என்றார். அவர் பெயரையும் ஊரையும் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்த "நம்ம" என்ற சொல் இத்தனை மாதமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் நான் இருக்கிறேனா, வெளியே நிற்கிறேனா? அவர் சொன்னதை உங்களில் பலரும் சொல்லக்கூடும் என்பதால்தான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் உங்களுக்கு அந்நியம் இல்லை. பாளையங்கோட்டையில் சைவக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவள். எட்டாம் வகுப்பிலிருந்து பள்ளிக் கொயரில் ஆல்ட்டோ. கார்பன் வைத்துக் கையால் படியெடுத்த சால்ஃபா தாள் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். டோ, ரே, மியின் முதலெழுத்துகள், நடுவே புள்ளிகள், கோடுகள். மெட்டு முழுக்கச் சொப்ரானோவிடம் போய்விடும். எங்கள் வரிக்கு மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே நடமாட்டம். முதல் இரண்டு வாரமும் என் காது பக்கத்து வரிசையின் மெட்டோடு ஓடிப்போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் ஹார்மோனியத்தின் விளிம்பில் பென்சிலால் தட்டி நிறுத்துவார். "ஏட்டி, அவங்க என்ன பாடுதாங்கன்னு நல்லாக் கேளு. ஆனா பின்னாலயே போயிராத. ஒன் இடத்துல நில்லு."

மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை மாலை, நின்றேன். நான் பிடித்திருந்த ஒற்றைச் சுரத்துக்கு மேலே சொப்ரானோ ஏறியது. கேரல் ஆராதனைக்காகப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த பையன்களின் பேஸ் கீழேயிருந்து எழும்பியது. சப்பென்று இருந்த என் சுரம் நடுவில் நின்று இரண்டையும் தாங்கியது. சேர்ந்து பாடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

பிறகு கல்லூரியில் ஹாண்டெலின் மெசையாவிலிருந்து கோரஸ்களைப் பாடினேன். நெற்றியில் திருநீறோடுதான் நின்றேன். அழித்துவிட்டு வா என்று உங்களில் யாரும் சொன்னதில்லை. போகாதே என்று என் வீட்டிலும் யாரும் தடுத்ததில்லை. உங்கள் வேத வசனங்கள் என் தொண்டைக்குப் பழக்கம். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

2005ஆம் ஆண்டு திருவாசகம் இசைத்தட்டு வந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். தினமும் விளக்கேற்றியதும் திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் சொல்லுகிறவர். 95 வரிகளும் மூச்சோடு மூச்சாகக் கலந்தவை. சிவபுராணத்திலிருந்து எடுத்த பாட்டைப் போட்டேன். ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் பாட்டு அது. இளையராஜாவின் குரலை அப்பா கண்ணை மூடிக் கேட்டார். நடுவே ஆங்கில வரிகள் வந்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் அதற்கப்புறம் போடவில்லை. சில வாரம் கழித்து ஒரு நாள், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பிறவியெல்லாம் எடுத்து எடுத்து இளைச்சுப் போனேன்னு வருமே, அந்த இடத்தை மட்டும் போடேன்" என்றார். போட்டேன். குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வருகையில் அவர் வாய் தானாக அசைந்தது. முடிந்ததும், "நான் இத்தனை வருஷம் இதைத் தனியாவே சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் தனியாகச் சொன்னதைச் சேர்ந்து சொல்ல இந்த நாட்டில் யாருக்குத் தெரியும்? யோசித்துப் பாருங்கள். எங்கள் ஓதுவார்கள் ஈடு இணையில்லாதவர்கள். மோகனத்தில் அவர்கள் திருவாசகம் பாடினால் பிரகாரத்துக் கல்லும் கேட்கும். முற்றோதல் நாளில் காலையிலிருந்து மாலை வரை 51 பகுதிகளையும் நூறு பேர் சேர்ந்து பாடுவோம். ஆனால் நூறு பேரும் ஒரே வரியைத்தான் பாடுவோம். நால்வகைக் குரலாகப் பிரிந்து, நான்கு வழியில் நடந்து, ஒரே இடத்தில் வந்து கூடும் பாட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. தலைமுறை தலைமுறையாக, ஊர் ஊராக, வாரம் தவறாமல் அதைப் பழகிவரும் தமிழர்கள் நீங்கள்தான். வங்கியில் வேலை பார்க்கும் டெனர், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் சொப்ரானோ, ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் பேஸ்: இப்படி ஒரு செல்வம் தங்களிடம் இருப்பதை நீங்களே அறிந்திருக்கிறீர்களா என்று எனக்குச் சில வேளைகளில் சந்தேகம் வரும்.

இந்தப் படைப்பை எல்லோரும் திருவாசகம் சிம்பொனி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உங்களுக்குத் தெரியும், வாத்தியக் குழுவோடு தனிக்குரலும் கூட்டுக்குரலும் சேர்ந்து ஒரு புனித நூலைப் பாடினால் அதற்கு ஆரட்டோரியோ என்று பெயர். குரல்தான் அதன் உயிர். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பதிவு செய்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் பெருமைப்பட்டதோடு நிறுத்திவிட்டோம். இருபது ஆண்டு தாண்டியும் அதைக் கேட்கிறோம், காரில் போடுகிறோம், சிவராத்திரிக்கு ஒலிபெருக்கியில் வைக்கிறோம். ஊர்ப் பாடகர் குழு ஒன்று அதைக் கையில் எடுத்து, தப்பும் தவறுமாகத் தொடங்கி, திருத்தித் திருத்திப் பாடி என் ஊரில் ஒரு நாளும் கேட்டதில்லை. இதுதான் என் மனக்குறை. கூட்டுக்குரலுக்கு எழுதிய இசை இசைத்தட்டில் மட்டும் இருப்பது, விதைநெல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பது மாதிரி.

பாக் எழுதிய மத்தேயு பாஸ்ஷனை உங்களில் சிலர் பாடியிருப்பீர்கள். பாக் இறந்த பின் அது ஏறக்குறைய 80 ஆண்டு மறந்துகிடந்தது. 1829இல் பெர்லினில் அதை மீட்டவர் மெண்டல்சோன். அப்போது அவருக்கு வயது 20. பாடியது ஜிங்அகாடமி என்ற பாடகர் குழு. பாட்டைப் பிழைப்பாகக் கொண்டவர்களா அவர்கள்? அந்த நகரத்துக் குடும்பங்களிலிருந்து வந்து, உங்களைப் போலவே வேலை முடிந்து மாலையில் கூடிப் பயிற்சி செய்தவர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அந்த மாபெரும் இசையை உலகுக்குத் திருப்பிக் கொடுத்த இளைஞர் மோசஸ் மெண்டல்சோன் என்ற யூத மெய்யியலாளரின் பேரன். "அது நம்ம பாட்டு இல்லியே" என்று அன்றைக்கு யாராவது சொல்லி, எல்லோரும் அதற்குத் தலையாட்டியிருந்தால்?

உங்கள் கையில் இருக்கும் சால்ஃபாவின் கதையும் இதுதான். நாரிச் நகரத்து சாரா குளோவர் உருவாக்கியதை ஜான் கர்வென் என்ற போதகர் வளர்த்தெடுத்தார். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்க வசதியில்லாத ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளிகளும் பெரிய இசையைப் பாட வேண்டும் என்பதற்காக வந்த எழுத்து அது. படித்தவர்களின் மண்டபத்தில் அடைபட்டிருந்த இசையை எளியவர்களின் தொண்டைக்குக் கொண்டுவந்த எழுத்து கப்பலேறி வந்து நம் ஊர்ப் பெஞ்சுகளில் உட்கார்ந்தது. அதை வைத்துக்கொண்டு நம் சொந்த மொழியின் பெரிய இசையைப் பாடாமல் இருப்பது நியாயமா?

நம் மொழி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பாமாலையில் ஜெர்மன் மெட்டுக்கும் ஆங்கில மெட்டுக்கும் தமிழ் வார்த்தைகளைப் பொருத்திப் பாடுகிறீர்கள். அந்தப் பக்தியின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் பாடும்போது உங்களுக்கும் ஒரு நெருடல் இருந்திருக்கும். மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து மாட்டிக்கொள்ளும். அதை நீட்டிப் பாடினால் மலை மாலையாகும், கல் காலாகும், படு பாடாகும். சொல் நடுவே முறிந்து, பாதி இந்த அடியிலும் பாதி அடுத்த அடியிலும் தொங்கும். மெட்டு முதலில் பிறந்து வார்த்தை பின்னால் வந்தால் இப்படித்தான் ஆகும். எழுதியவர்கள் மேல் குற்றம் இல்லை. திருவாசகத்தில் வார்த்தைதான் முன்னால் நடக்கிறது. பண்ணைப்புரத்தில் தமிழ் கேட்டு வளர்ந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற ஒருவர், குறில் நெடிலின் நீளம் தெரிந்து, எதுகை விழும் இடம் தெரிந்து எழுதியது. தமிழ் தன் நடையிலேயே நடந்துகொண்டு நான்கு குரலாக விரிவதைப் பாடி அனுபவிக்கும் சந்தோஷம் உங்களுக்கு வாய்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேட்கிற எங்களைவிடப் பாடுகிற உங்களுக்குத்தான் அது முதலில் தித்திக்கும்.

திருவாசகம் பாடிய மாணிக்கவாசகர் என்றதும் தனிமையில் உருகி அழுகிற ஒருவரைத்தான் நினைக்கிறோம். அது உண்மை, ஆனால் அதில் பாதிதான். திருவாசகத்தின் 7ஆம் பகுதியிலிருந்து 16ஆம் பகுதி வரை புரட்டிப் பாருங்கள். திருவெம்பாவையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிறார்கள். திருவம்மானையில் காய்களை வீசிப் பிடிக்கிறார்கள். திருப்பொற்சுண்ணத்தில் உலக்கை பிடித்து வாசனைப் பொடி இடிக்கிறார்கள். திருச்சாழலில் ஒருத்தி மடக்கிக் கேள்வி கேட்க, இன்னொருத்தி பதில் சொல்லுகிறாள். திருப்பூவல்லியில் பூப்பறிக்கிறார்கள், திருப்பொன்னூசலில் ஊஞ்சல் ஆடுகிறார்கள். கூட்டமாகக் கூடிப் பாடுகிறவர்களின் குரலைத்தான் அந்த மனிதர் கடன் வாங்கியிருக்கிறார். ஒரு குரல் கேட்க, ஒரு குரல் விடை சொல்ல, எல்லாம் சேர்ந்து ஓர் இடத்தில் வந்து விழ எழுதியிருக்கிறார். கொயருக்கு ஏற்ற நூல் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? இளையராஜா எடுத்த ஆறு பகுதிகளில் திருப்பொற்சுண்ணமும் உண்டு, தும்பியைக் கூப்பிட்டுப் பாடும் திருக்கோத்தும்பியும் உண்டு. தொடங்குவதோ யாத்திரைப் பத்தில். புறப்பட வேண்டிய வேளை வந்துவிட்டது, எல்லோரும் ஒன்றாய்ச் சேர்ந்து கிளம்புங்கள் என்று அடியாரை அழைக்கும் பகுதி அது. பலரைக் கூப்பிடும் ஓர் அழைப்பு இருபது வருடமாக ஒலிபெருக்கியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பதில் குரல்தான் இன்னும் எழவில்லை.

இனி "நம்ம" என்ற சொல்லுக்கு வருகிறேன். சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1839இல் தமிழகம் வந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தவர். திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல், தம் 80ஆம் வயதில், வெளியிட்டார். சாகும்வரை அவர் ஆங்கிலிக்கன் போதகராகவே இருந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து இந்த ஆரட்டோரியோ உருவாகத் தோள் கொடுத்தவர் யார்? தமிழ் மையத்தை நடத்திய ஜெகத் கஸ்பார், ஒரு கத்தோலிக்கக் குருவானவர். ஆங்கில வரிகளை எழுதிய ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ், மத்தேயு நற்செய்தியை வைத்து வந்த காட்ஸ்பெல் என்ற இசை நாடகத்துக்குப் பாட்டு அமைத்தவர். இந்தப் பாட்டுக்குள் உங்கள் வீட்டு ஆளும், உங்கள் நற்செய்திக்குப் பாட்டு அமைத்தவரும் முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள்தான் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று யோசிக்கிறீர்கள்.

இன்னும் பின்னால் போனால், இந்தத் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தஞ்சைக்குப் போன வேதநாயகம் சாஸ்திரியார் இயேசுவுக்குக் குறவஞ்சி பாடினார். கரையிருப்பில் வைணவராகப் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் எழுதினார். அவர் எழுதிய கீர்த்தனைகளைப் பாடும்போது அந்த நடையில் தேவாரமும் பிரபந்தமும் மணப்பதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். சாம்பவர்வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுப் பழந்தமிழ் இசையைத் தூசி தட்டி எடுத்தார். உங்கள் முன்னோர் சைவ வைணவ மொழியை எடுத்துத் தங்கள் ஆண்டவருக்குச் சூட்டினார்கள். யாரும் அவர்களைக் கடன்காரர் என்று சொல்லவில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீர் அது.

உங்கள் தயக்கத்தை நான் லேசாக எண்ணவில்லை. "என் வாயால் இன்னொரு தெய்வத்தைத் துதிக்கலாமா?" என்பது மனசாட்சியின் கேள்வி. அதற்கு என்னிடம் இருப்பது என் டீச்சர் தந்த பதில்தான். பக்கத்துக் குரலை நன்றாகக் கேள், உன் இடத்தில் நில். மெசையா பாடிய நாளெல்லாம் நான் அப்படித்தான் நின்றேன். என் சாமியை விட்டு ஓரடி நகரவில்லை. ஆனால் உங்கள் சாமியின் பாட்டைத் தாங்கும் ஒரு சுரமாக இருந்தேன். அதே நிலையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஆராதனையில் பாடச் சொல்லவில்லை. பீடத்துக்கு முன் நின்று பாடச் சொல்லவில்லை. பள்ளி மண்டபம் ஒன்று போதும். மெசையாவே 1742இல் டப்ளினில் ஓர் இசை மண்டபத்தில்தான் முதலில் ஒலித்தது. அடுத்த ஆண்டு லண்டனில், பரிசுத்த வசனத்தை நாடகக் கொட்டகையில் பாடுவதா என்று கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் இன்று யார் நினைவிலும் இல்லை. பாட்டு இருக்கிறது.

அச்சப் பத்தில் மாணிக்கவாசகர் பாம்புக்கும் பயமில்லை, நெருப்புக்கும் பயமில்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு பாட்டில் அவர் பயப்படுவது அன்பு இல்லாதவர்களைக் கண்டு. அந்த அடியைப் பாட எந்த மனசாட்சி தடுக்கும் என்று நீங்களே உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திருமுறையில் ஆங்கிலத்தைக் கலப்பதா, ஓதுவார் பண்ணை விட்டு வயலினா என்று எங்கள் வீடுகளில் முணுமுணுப்பு உண்டு. எழுந்து போன என் அப்பாவைப் பற்றி மேலே சொன்னேன். நாளைக்கு நீங்கள் பாட முன்வந்தால், "அவர்கள் எப்படிப் பாடலாம்?" என்று கேட்க எங்களிலும் சிலர் வருவார்கள். அவர்களிடம் பேச வேண்டியது என் பொறுப்பு. அந்த வேலையை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஓதுவார்கள் கட்டிக்காத்த வழி ஒரு மயிரிழையும் கெடாது. கோயிலில் அவர்கள் பாட்டு, மண்டபத்தில் உங்கள் பாட்டு. ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இது எங்களால் ஆகிற காரியமா என்பீர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது, நோட்டுக்கு எங்கே போவது? பெரிய ஆரட்டோரியோக்கள் எதுவும் முழு ஆர்கெஸ்ட்ராவோடு ஊர் ஊராகப் போகவில்லை. வாத்தியப் பகுதி முழுவதையும் ஒரு பியானோவுக்குச் சுருக்கி, அதற்கு மேல் குரல் வரிகளை அச்சிட்ட மலிவு விலைப் புத்தகங்கள் வழியாகத்தான் மெசையா கிராமத்துச் சிற்றாலயம் வரை போனது. திருவாசகத்துக்கும் அப்படி ஒரு குரல் பிரதி வேண்டும். அது ஒரு குழு கேட்டு நடக்காது. பல குழுக்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோளை வைக்கிறேன்.

முதலில், நீங்கள் கூடுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரை, தஞ்சை, சென்னை என்று எந்த ஊராக இருந்தாலும், எந்தத் திருச்சபையாக இருந்தாலும், கொயர் மாஸ்டர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு எல்லோரும் கையெழுத்திட்டு இளையராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவருடைய இசை அவருடைய உரிமை. அவர் அனுமதி இல்லாமல் ஒரு சுரமும் படியெடுக்க வேண்டாம். காதால் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்ற குறுக்கு வழியும் வேண்டாம். "ஐயா, உங்கள் திருவாசகத்தை எங்கள் தொண்டையால் பாட ஆசைப்படுகிறோம். கூட்டுக்குரல் வரிகளைத் தாருங்கள். சால்ஃபாவில் எழுதிக்கொள்ள அனுமதி தாருங்கள்" என்று கேளுங்கள். லண்டனில் 2025 மார்ச்சில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கு 81 வயது. அந்த வயதிலும் புதிய மேடையைத் தேடிப் போனவர், சொந்த நாட்டுப் பாடகர்கள் வந்து கேட்டால் காது கொடுப்பார் என்று நம்புகிறேன். அவர் இருக்கும்போதே கேளுங்கள். ஒரு வரியில் சந்தேகம் வந்தால் எழுதியவரிடமே கேட்டுத் தெளியும் பாக்கியம் எல்லாத் தலைமுறைக்கும் கிடைப்பதில்லை.

அனுமதி கிடைத்ததும் ஆறையும் எடுக்க வேண்டாம். யாத்திரைப் பத்தை மட்டும் எடுங்கள். ஆர்கன் இருந்தால் ஆர்கன், இல்லையென்றால் ஒரு கீபோர்டு. பயிற்சியின் முதல் நாள் பக்கத்துக் கோயிலின் ஓதுவாரை அழையுங்கள். சீர் எங்கே பிரிகிறது, சொல் எங்கே சேர்கிறது, ழகரம் நாக்கின் எந்த இடத்தில் உருள்கிறது என்று அவர் சொல்லட்டும். முதலில் அவர் தம் பண்ணில் ஒரு தரம் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். பிறகு நீங்கள் பாடுங்கள், அவர் கேட்கட்டும். ஓதுவாரை அழைத்துவருவதும், வாசகத்துக்குப் பதம் பிரித்துப் பொருள் எழுதித் தருவதும் என் வேலை. அப்பா கோடு போட்டுப் படித்த திருவாசகப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஓரம் கிழிந்தது; எண்ணெய்க் கறை படிந்தது. பயிற்சி நடக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன்.

தை மாதத்துச் சனிக்கிழமை மாலை ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் பெஞ்சில் உங்கள் போதகரும் எங்கள் ஓதுவாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். தப்பு வந்தால் நிறுத்தித் திரும்பத் தொடங்கலாம். குறை சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னும் ஒரு சின்ன ஆசை உண்டு. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மேல் சுரமெல்லாம் போய்விட்டது. ஆல்ட்டோவின் அந்த மூன்று நான்கு சுரம் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டாம் வரிசையின் ஓரத்தில் எனக்கும் ஓர் இடம் கொடுங்கள். என் இடத்தில் நான் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆல்ட்டோ ஒருத்தி,
பாளையங்கோட்டை